களனி ஆறு பிறக்கும் மலையிலிருந்து, அது கடலில் சேரும் இடத்தில் இருப்பவர்களுக்கு

மட்டக்குளி காக்கைதீவில் இருக்கும் சமுத்திரப் பல்கலைக்கழகத்தாருக்கும், நாரா என்று நாங்கள் சுருக்கமாக அழைக்கும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகத்தாருக்கும் வணக்கம்.

நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. எங்கள் பாடசாலை முற்றத்தில் நின்றால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு, காசல்ரீ பக்கமிருந்து வரும் கெசல்கமுவ ஓயாவோடு கலந்து, களனி என்று பெயர் எடுத்து, கடைசியில் உங்கள் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே கடலில் விழுகிறது. ஒரே ஆற்றின் இரண்டு முனைகளில் நாம் இருக்கிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தது என் மாணவி ஒருத்திக்கு நடந்தது. உயர்தரம் முடித்த பிள்ளை. அப்பா தொழிற்சாலையில், அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். தொழில் வழிகாட்டல் என்று ஒரு கூட்டம் நடந்தது. வந்திருந்த அதிகாரியிடம் இவள் எழுந்து, கடலைப் பற்றிப் படிக்க என்ன வழி என்று கேட்டாள். "உனக்கு நீச்சல் தெரியுமா? மலையில பிறந்த பிள்ளைக்குக் கடல் எதுக்கும்மா, வேற ஏதாவது பாரு" என்று சொல்லி அவர் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. இவளுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

அந்த நம்பிக்கை தவறு. எங்கள் வாழ்க்கையில் கடல் தொடாத நாள் ஒன்றுகூட இல்லை. அதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆட்களாக நீங்கள் வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கொழுந்திலிருந்தே தொடங்குகிறேன். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே தொடங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடலுக்கு மேலாக வந்து, வழியெல்லாம் கடல் ஆவியைச் சுமந்துகொண்டு எங்கள் மேற்குச் சரிவில் மோதுகிறது. மோதிய காற்று மேலே ஏறிக் குளிர்கிறது, சுமையை இறக்கி வைக்கிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையும் தாண்டுவது இதனால்தான். அதே காற்று மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் அதைக் கச்சான் என்பார்கள். அந்தக் காய்ந்த காற்றில் தேயிலைச் செடி கொஞ்சம் வாடி, இலையில் மணப்பொருள்கள் கூடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மவுசு இருப்பது அதனால். எங்கள் டிம்புள்ளப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, வடகீழ்ப் பருவக்காற்று மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இங்கே காய்ந்து வரும்போது. உலகம் விரும்பிக் குடிக்கும் தேநீரின் ருசியை இரண்டு திசைக் கடற்காற்றுகள் மாறி மாறித் தீர்மானிக்கின்றன. கொழுந்து எடுக்கும் எங்கள் அம்மாமாரும் அக்காமாரும் காற்றின் குணத்தை முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுவார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நாங்கள் இந்த மலைக்கு வந்ததற்கும் கடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2023இல், அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக, அதே வழியில் மக்கள் நடந்தும் காட்டினார்கள். நான் சொல்ல வருவது வேறு. எங்கள் பாட்டி தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: "தாது வருஷத்துல ஊர்ல சோறு இல்ல, அதான் கப்பல் ஏறினோம்." தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டியது. 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். தானியத்தை வெளியே அனுப்பிக்கொண்டே கூலியைக் குறைத்த ஆட்சி அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மழை ஏன் பொய்த்தது? 1877இல் பசிபிக் சமுத்திரத்தில் மிக வலுவான எல் நினோ, அதாவது கடல் வழமைக்கு மீறிச் சூடாகும் நிலை, இருந்தது. அதே நேரம் எங்கள் இந்து சமுத்திரத்தின் வெப்பநிலையும் கிழக்கு மேற்காகத் தாறுமாறாக இருந்தது என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. பெருவின் கரைக்கு அப்பால் கடல் சூடானதும், மதுரைப் பக்கத்தில் ஒரு கிராமம் காலியானதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று பாருங்கள். பஞ்சங்களுக்குப் பிறகு, பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று தேடும் வேலை கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞரிடம் வந்தது. 1904இல் இந்திய வளிமண்டலவியல் துறைக்குத் தலைமை ஏற்ற அவர், உலகமெங்குமிருந்து வந்த அழுத்தக் கணக்குகளை வருடக்கணக்காக ஒப்பிட்டு, பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறும்போது இந்து சமுத்திரத்தில் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார். தராசின் இரண்டு தட்டு மாதிரி. அந்தத் தராசைக் கடலின் சூட்டோடு இணைத்துக் காட்ட 1960கள் வரை ஆனது. நம்முடைய சமுத்திரத்துக்கே சொந்தமாக இப்படி ஓர் ஊசலாட்டம் உண்டு, ஆபிரிக்கப் பக்கமும் சுமாத்திராப் பக்கமும் மாறி மாறிச் சூடாகின்றன என்று சஜி என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்த இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்களும் விளக்கியது 1999இல்தான். நான் பாடசாலையில் படித்த புத்தகங்கள் அதற்கு முந்தியவை. என் பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கு இல்லை.

2016 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் சுமாத்திராப் பக்கத்துக் கடல் சூடாகி, மழை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இங்கே ஒக்டோபர், நவம்பர் மழை பொய்த்து, 2017 வரை வறட்சி இழுத்தது. நாட்டின் தேயிலை விளைச்சல் 2015இல் ஏறத்தாழ 329 மில்லியன் கிலோவாக இருந்தது, 2016இல் சுமார் 292 மில்லியனுக்கு இறங்கியது. களைநாசினித் தடை போன்ற வேறு காரணங்களும் இருந்தன, எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போட முடியாது. ஆனாலும் செடியில் தளிர் வராவிட்டால் கூடை நிறையாது, கூடை நிறையாவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம், கிடைக்காது, அரைப்பேர்தான். அரைப்பேர் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வறட்சிக் காலத்தில் மவுசாக்கலையின் நீர்மட்டம் இறங்க இறங்க, அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரம் மேலே வரும். பழைய கோயில் தெரியும், பள்ளிவாசல் தெரியும், விகாரை தெரியும். சனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். ஒரு தடவை என் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிப்போனேன். வெடித்த சேற்றில் நின்றுகொண்டு ஒரு பையன், "டீச்சர், தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டான். அந்த நேரம் நான் சொன்ன பதில், "மழை இல்லை" என்பது மட்டும். சரியான பதில் சுமாத்திராவுக்கு மேற்கே இருந்தது. அது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அந்தச் சேற்று நிலமே அவனுக்கு வாழ்நாள் பாடமாகியிருக்கும்.

மழை இல்லாவிட்டால் அந்தக் கஷ்டம். அதிகமானால் மண்சரிவு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள், அதில் பெரும்பங்கு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் சரிந்த மண்ணுக்கு அடியில். சூறாவளி என்றால் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரும் ஆபத்து என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கடலிலிருந்து எவ்வளவோ தூரத்தில், இவ்வளவு உயரத்தில் இருக்கும் எங்களை அது வந்து அடித்தது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கடலின் மேற்பரப்பு 26, 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் அதிலிருந்து எழும் நீராவிதான் சூறாவளியின் எரிபொருள். ஆவி மேகமாக மாறும்போது, கடல் சேர்த்து வைத்த வெப்பம் வெளிவந்து காற்றை இன்னும் இழுக்கிறது. அப்படிச் சுமந்து வந்த நீர் ஒரு மலைத்தொடரில் மோதினால், அந்தச் சரிவில் லயம் இருக்கிறதா காடு இருக்கிறதா என்று அது பார்க்காது.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு, 150 தாண்டினால் வெளியேறு என்று மண்சரிவு எச்சரிக்கைக்கு அளவுகள் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் 150 பெய்து முடித்த பிறகு இருட்டில் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இரண்டு நாள் முன்னரே தெரிய வேண்டும். அந்த இரண்டு நாள் கடலில்தான் இருக்கிறது. கடலை அளக்கிறவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நன்றாக அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எங்களுக்கு அந்த இரண்டு நாள் கிடைக்கும்.

இப்போது உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழம் வரை இறங்கி, ஏறும் வழியெல்லாம் சூட்டையும் உப்பையும் அளந்து, மேலே வந்ததும் செய்மதிக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். அந்தக் கணக்கு எல்லாருக்கும் இலவசம். எங்கள் பிள்ளைகளின் கைபேசியில்கூட வரும். இதை முதலில் வகுப்பில் சொன்னபோது கடைசி வாங்கில் இருக்கும், எதற்கும் வாய் திறக்காத பையன்கூட, "அது திரும்பி வராட்டி என்ன செய்வாங்க டீச்சர்?" என்று கேட்டான். பிதுருதலாகலை 2,524 மீற்றர், நாட்டின் உச்சி. கடலின் சராசரி ஆழம் 3,700 மீற்றர் அளவு. எங்கள் உச்சியைத் தூக்கி அங்கே வைத்தால் மேலே ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமாகத் தண்ணீர் நிற்கும் என்றேன். வகுப்பு அடங்கிப்போனது.

புவி கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட வெப்பத்தில் 90 சதவீதமளவு கடலுக்குள் போயிருக்கிறது. நாம் விடும் காபனீரொட்சைட்டில் கால்பங்கு அளவை அது உறிஞ்சுகிறது. புவியில் உண்டாகும் ஒட்சிசனில் பாதியளவைக் கடல் உயிர்கள், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை, உண்டாக்குகின்றன. இவையெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு மூன்று வரிகளாக வந்து போகின்றன, பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிடுகிறார்கள்.

வகுப்பறையில் ஒரு பாடம் என்ன செய்யும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஐவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. தாய்லாந்துக் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, இரண்டு கிழமைக்கு முன் புவியியல் பாடத்தில் படித்ததை வைத்து, கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைக் கண்டு சுனாமி வரப்போகிறது என்று சொன்னாள். கரை காலி செய்யப்பட்டது, சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். அதே அலை நம் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இரண்டு மணி நேரம்! இந்து சமுத்திரத்துக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. கடல் உள்வாங்கியபோது நம் பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடினார்கள். 30,000க்கு மேற்பட்டவர்களை இழந்தோம். இன்று எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனை இளைஞர்கள் கொழும்பு, நீர்கொழும்பு, காலி என்று கரையோரக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள்! கடலைத் தெரியாத பிள்ளைகளைத்தான் கடல் ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பக்கத்துக் கடமையும் ஒன்று இருக்கிறது. லயத்துப் பீலியில் போகும் சோற்றுத்தாளும் ஷொப்பிங் பையும், மலையில் போடும் உரமும் மருந்தும், சரிவில் கரைந்த மண்ணும் ஓடை வழியே உங்களிடம்தான் வருகின்றன. நடுவழியில் அம்பத்தளையில் கொழும்பு மக்கள் அதே ஆற்றைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளையும் செத்த ஆமைகளையும் தொலைக்காட்சியில் பார்த்து எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். அந்தப் பிள்ளைகளுக்கே தங்கள் ஓடை எங்கே போய் முடிகிறது என்று தெரியாது. தெரிந்தால் பீலியில் போட மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் ஆட்கள் மலைக்கு வர வேண்டும். தமிழில் பேசக்கூடியவர்கள் வர வேண்டும், அது முக்கியம். ஒரு போத்தல் கடல்நீரும், ஒரு நுணுக்குக்காட்டியும், கடலடிப் படமும் போதும். கரையோரப் பாடசாலைகளுக்குப் போவதை நாங்கள் பத்திரிகையில் பார்க்கிறோம், மகிழ்ச்சிதான். நாட்டின் நிலத்தைப் போல ஏறத்தாழ 8 மடங்கு கடற்பரப்புக்கு நாம் உரிமை கொண்டவர்கள். அவ்வளவு கடலைக் கரையில் பிறந்தவர்களால் மட்டும் ஆராய்ந்து முடிக்க முடியாது.

உங்கள் டிப்ளோமா, பட்டப்படிப்புகளின் விவரம் தெளிவான தமிழில் எங்கள் பாடசாலைகளுக்கு வர வேண்டும். என்ன தகுதி, எவ்வளவு செலவு, தங்க எங்கே, பெண்பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு, எல்லாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் வளங்களைப் பற்றிய பட்டப்படிப்பே இருக்கிறது. மலையிலேயே இருக்கும் அந்த வாசலைப் பற்றிக்கூட எங்கள் பெற்றோருக்குத் தெரியாது. நீச்சல் தெரியாதது ஒரு குறை என்றால் பயிற்சிக்கு ஒரு மாதம் கொடுங்கள், பழகிவிடுவார்கள். செங்குத்துச் சரிவில் கூடையோடு நிற்கப் பழகியவர்களின் பிள்ளைகள் இவர்கள். நம் கடலின் நீலத்திமிங்கிலங்கள் குளிர்கடலுக்குப் போகாமல் இங்கேயே தங்கி இரை தேடுகின்றன என்று உலகத்துக்குச் சொன்னவர் ஆஷா டி வோஸ் என்ற இலங்கைப் பெண். அதைக் கேட்டபோது என் மாணவியின் கண்ணில் வந்த வெளிச்சத்தை அந்த அதிகாரி பார்த்திருக்க வேண்டும்.

வெறுங்கையோடு கேட்கவில்லை. எங்களிடம் உங்களுக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. தோட்டத்து அலுவலகங்களில் மழைப் பதிவேடுகள் உண்டு. தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதியவை, சில தோட்டங்களில் நூறு வருடத்துக்கு மேலாக. துரைமார் மாறினார்கள், கம்பனிகள் மாறின, அந்தக் கொப்பிகள் அலுமாரிகளில் கறையான் அரித்துக்கொண்டு கிடக்கின்றன. 1925இல் தொடங்கி இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வேலையும் இருக்கிறது. கடலின் சூடு மாறியபோதெல்லாம் எந்த மலையில், எந்தச் சரிவில், எந்த மாதம் மழை எவ்வளவு மாறியது என்று பார்க்க இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்? தோட்ட நிர்வாகங்களிடம் அனுமதி வாங்கித் தாருங்கள், பக்கம் பக்கமாகக் கணினியில் ஏற்ற எங்கள் உயர்தரப் பிள்ளைகள் தயார். அந்த எண்களை உங்கள் கடல் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை அவர்களுக்கே சொல்லிக் கொடுங்கள். சமுத்திர விஞ்ஞானத்துக்கென்று ஐக்கிய நாடுகள் சபை ஒதுக்கிய பத்தாண்டு 2030இல் முடிகிறது. அதற்குள் ஒரு பதிவேடாவது முடிந்துவிடும்.

நாங்களும் சும்மா காத்திருக்கவில்லை. பாடசாலை முற்றத்தில் தரம் 10 பிள்ளைகள் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். காலை எட்டரைக்கு அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள், விடுமுறையிலும் முறை போட்டு வந்து எழுதுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் அந்தக் கிழமைக் கடலின் வெப்பநிலையை எழுத ஒரு நிரலை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

ஜனவரி, பெப்ரவரியில் இங்கே மழை குறைவு, பனி மட்டும் கொஞ்சம் கடுமை. ஹட்டன் வரை வந்தால், அங்கிருந்து மஸ்கெலியாவுக்கு பஸ் உண்டு. தோட்டத்துப் பாதை மோசம், முன்கூட்டிச் சொன்னால் கீழே சந்திக்கு ஆள் அனுப்புகிறேன். அந்த மாணவியும் வருவாள். அவள் இன்னும் எந்தப் படிப்புக்கும் விண்ணப்பம் போடவில்லை.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியை